சத்தம் வராத பீங்கான் வகுப்பு

விருத்தாசலம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் இனியாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், என் முழங்கால் வலியும் அவர் சர்க்கரையும் போன மாதம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பாரிக் குட்டியும் நல்லபடியாக இருக்க வேண்டும். வாரா வாரம் வீடியோவில் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். மாப்பிள்ளையின் நண்பர் வியாழக்கிழமை கிளம்புகிறார், பாரிக்குச் சத்துமாவும் உனக்குப் பருப்புப்பொடியும் கொடுத்தனுப்புகிறேன், கூடவே இதையும். போனில் சொன்னால் பாதியில் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய், காகிதமென்றால் கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும். உன் அம்மா இந்த மாதம் ஒரு பெண்ணின் படிப்பையே கெடுக்கப் பார்த்தாள், அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன்.

வேலைக்குப் போகிறவர்களுக்காகப் பீங்கான் தொழிலில் ஆன்லைன் படிப்பு ஒன்றைக் கல்லூரியில் ஆரம்பித்ததும், அதற்கு என்னைப் போட்டதும் உனக்குத் தெரியும். முதல் நாளே பட்டுப்புடவை கட்டி, புதிதாக வாங்கிய வட்ட விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன், அப்பா எட்டிப் பார்த்துவிட்டு அம்மன் ஊர்வலம் எப்போது கிளம்புகிறது என்று கேட்டார். முகத்தைக் காட்ட லேப்டாப், கையைக் காட்டப் போன். அந்தப் போனை மேசைக்கு மேலே துணி காயப்போடும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன், ஃபேன் சுற்றினால் வகுப்பே ஊஞ்சலாடியது. ஃபேனை அணைத்தால் எனக்கு வியர்த்து ஊற்றியது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. நீ போன தீபாவளிக்கு வந்தபோது, அப்பா போடும் டிவி இரைச்சல் பிள்ளைகளுக்குக் கேட்கக்கூடாது என்று லேப்டாப்பிலும் போனிலும் ஒரு வசதியைப் போட்டுவிட்டாயே, பேச்சைத் தவிர வேறெந்தச் சத்தத்தையும் வெளியே விடாமல் தடுப்பது, அதுதான். எதிர்வீட்டு நாய் குரைத்தாலும், ரயில் கூவினாலும், என் குரல் மட்டும் துல்லியமாகப் போகிறதாம். என் பெண் போட்டுக்கொடுத்தது, அவளும் அங்கே இதைத்தான் வைத்திருக்கிறாள் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லாத ஆள் கிடையாது.

இந்தப் பெருமையோடுதான் சோதனைப் பாடத்துக்கு வந்தேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது சூளையிலிருந்து வந்த பீங்கானைத் தட்டித் தட்டி விளையாடுவாயே, அதுதான் பாடம். நன்றாக வெந்தது கிண்ணென்று கேட்கும், உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் சொத்தென்று கேட்கும். செய்முறைத் தேர்வில் இதற்குத்தான் மார்க் அதிகம், கம்பெனிகளில் செக்கிங் வேலைக்கு எடுப்பதும் இதை வைத்துத்தான். மின்கம்பத்தில் மாட்டும் பீங்கான் இன்சுலேட்டரில் நல்லது ஒன்று, கீறல் விட்டது ஒன்று, இரண்டையும் போனுக்குக் கீழே வைத்துக் குச்சியால் தட்டி, எது நல்லது என்று திரையில் ஓட்டுப் போடச் சொன்னேன். பாதிப் பேர் இதற்கும் பாதிப் பேர் அதற்கும் போட்டார்கள். மறுபடி தட்டினேன், மறுபடியும் அதே குழப்பம். தங்கராசு என்று ஒரு பையன் மட்டும் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னான், இவனுக்குத்தான் பீங்கான் காது என்று எல்லோர் முன்னாலும் அவனை ஒரே புகழாகப் புகழ்ந்தேன்.

அப்போது வேப்பூரிலிருந்து வாசுகி என்ற பெண், நெடுஞ்சாலையோரம் அவள் வீட்டார் டிபன் கடை வைத்திருக்கிறார்கள், கடைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் படிப்பாள், மேடம் எனக்கு ஒண்ணுமே கேக்கல, உங்க கைதான் ஆடுதுன்னாள். எனக்கு வந்ததே கோபம். இத்தனை வருஷம் பாடம் நடத்தியவளிடம் கை ஆடுகிறது என்கிறாளே என்று, காது கேட்கவில்லையென்றால் டாக்டரிடம் காட்டிவிட்டு வகுப்புக்கு வா என்று சொல்லிவிட்டேன். அடுத்த வகுப்புக்கு அவள் வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை. இன்னும் ஒரு வகுப்பு தவறினால் தேர்வு எழுத விடமாட்டார்கள். அக்கறையில்லாத பெண் என்று நானும் விட்டுவிட்டேன்.

என் மானத்தை வாங்கியது உன் அப்பாதான். வகுப்பின் பதிவைப் போனில் போட்டுப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டவர், ஏன் ஆதி, அன்னைக்கு நான் ஹால்ல உக்காந்து கேட்டப்ப கிண்ணு கிண்ணுன்னு வூடே அதிர்ந்துது, இதுல ஒண்ணத்தையும் காணோமே, பாட்டு நின்ன பெறவும் தாளம் போடுற மாரி கைய ஆட்டிக்கிட்டு இருக்கியேன்னார். பிடுங்கிப் பார்த்தேன். உண்மைதான், என் குரல் கணீரென்று இருக்கிறது, பீங்கான் ஊமையாக இருக்கிறது. நாயையும் ரயிலையும் தடுத்த அந்த வசதி, நான் கற்றுக்கொடுக்க வந்த சத்தத்தையே இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துப் போட்டிருக்கிறது. பீங்கான் காது தங்கராசைக் கூப்பிட்டு நீ எப்படியப்பா கண்டுபிடித்தாய் என்றேன். நெளிந்துகொண்டே, நல்லதத் தட்டுறப்ப நீங்க லேசா சிரிப்பீங்க மேடம்னான். அந்த வட்ட விளக்கு அதற்காவது பயன்பட்டிருக்கிறது.

வாசுகிக்குப் போன் போட்டேன். தப்பு என்னுடையதுதான், மன்னித்துக்கொள் என்று சொல்லி முடிப்பதற்குள் அவள், பரவால்ல மேடம், நீங்க சொன்ன பெறவு எனக்கே பயம் வந்துட்டுது, அப்பாவ கூட்டிக்கிட்டு விருத்தாசலம் வந்து காது டாக்டர்ட்ட காட்டினேன், நல்லாத்தான் இருக்குதுன்னுட்டாருன்னாள். அதற்கென்று கடைக்கு ஒருநாள் லீவு விட்டிருக்கிறார்கள். அப்புறமும் வகுப்புக்கு வர வெக்கமா இருந்துது என்றாள். போனை வைத்துவிட்டு அழுதேன். கேட்டதைக் கேட்டபடி சொன்ன ஒரே பெண் அவள்தான்.

நேற்றைய வகுப்புக்கு வந்துவிட்டாள். எல்லோரையும் அவரவர் போனிலும் இருக்கும் அந்த வசதியை எடுத்துவிடச் சொல்லி, நானும் எடுத்துவிட்டேன். அடேயப்பா, என்ன ஒரு கூத்து! லாரி ஹாரன், கோழி, மிக்ஸி, யார் வீட்டிலோ மாமியார் திட்டு, என் பங்குக்கு அப்பாவின் டிவி. அந்த இரைச்சலில் அவரவர் வீட்டுப் பீங்கான் கப்பைத் தட்டச் சொன்னேன். நல்லூர் வளர்மதி தட்டியதும், மேடம், அந்தக் கப்புல கீறல் இருக்குதுன்னு வாசுகி கத்தினாள், பார்த்தால் கைப்பிடியடியில் முடி மாதிரி ஒரு கோடு. நான் சிரித்த சிரிப்பில் தங்கராசுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. ஆனால் வளர்மதி பக்கம் ஒரு கைக்குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது. அவளுக்குக் குழந்தை இருப்பதே எனக்கு நேற்றுதான் தெரியும். பதில் சொல்லத் தாமதிக்கிறாள் என்று அவளையும் இத்தனை நாள் கடிந்திருக்கிறேன்.

வகுப்பு முடிந்த பிறகும் உன் நினைவாகவே உட்கார்ந்திருந்தேன், இனியா. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது உன் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கும்! பாரி தூங்குறாம்மா என்பாய், நல்லாருக்கேம்மா என்பாய், கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறதே என்றால் வெளிச்சம் சரியில்லை என்பாய். பல் முளைக்கிற பிள்ளை, நான் பார்க்கிற நேரமெல்லாம் எப்படித் தூங்கும் என்று ஒருநாள் கூட எனக்குத் தோன்றவில்லை. என் பெண் நிம்மதியாக இருக்கிறாள் என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீயும் அதைத்தானே போட்டு வைத்திருக்கிறாய்?

வேளைக்குச் சாப்பிடு, சத்துமாவைக் காற்றுப் புகாத டப்பாவில் வை, மாப்பிள்ளையை ராத்திரியில் ஒருமுறையாவது பிள்ளையை வைத்துக்கொள்ளச் சொல், நான் சொன்னேன் என்றே சொல். தேர்வு முடிந்தால் எனக்கு விடுமுறைதான், பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், தேதி இன்னும் இருக்கிறது, வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழமலைநாதர் உங்கள் மூவரையும் கண்போல் காக்கட்டும்.

மறந்துவிடாதே, வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த வசதியை எடுத்துவிட்டுக் கூப்பிடு. பாரி அழட்டும், நீயும் அழ வேண்டும் போலிருந்தால் அழு, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆசிகளுடன்
உன் அம்மா
மா. ஆதிலட்சுமி