ஸ்டெல்லா கொண்டுவந்த சோறு

ஞாயிறு, இரவு

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா சர்ச்சில் ஊர்விருந்துக்கு ஆக்கிய அசனச் சோற்றைத் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். கடவுள் பேரில் ஆக்கியதை நான் தின்பதில்லை என்றேன்.

“ஒங்களுக்க ஒடிஞ்ச காலு சொகமாவணும்ணு நான் அரிசி நேர்ந்து குடுத்ததாக்கும், அண்ணா. கடவுள் இல்லைண்ணுதானே சொல்லுவிய? பின்ன வெறும் சோத்துக்கு எதுக்கு பேடிக்கணும்?”

பயமில்லை, கொள்கை என்றேன். நாத்திகம் ஒரு நம்பிக்கையே அல்ல, நம்பிக்கை இல்லாமை மட்டும்தான் என்று நேற்று பாறசாலை வாசகசாலையில் அரைமணி நேரம் பேசியவன் நான். அந்த வாளியில் சோறும் சாம்பாரும் தவிர வேறென்ன இருந்தது, நான் விலக்கிவைக்க? நினைக்க நினைக்கக் கூசுகிறது.

அவள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள். கூப்பிடலாம் என்று கேட் வரை போனேன். ஊன்றுகோல் இல்லாமல்தான் போனேன். கூப்பிடாமலே திரும்பினேன்.