ஏழின் குறுக்கே ஒரு கோடு

அண்ணே,

போன வாரம் நம் ஆய்வகத்துப் பழைய ஃப்ரீசர் தகராறு செய்தது. உள்ளே இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றும்போது அடித்தட்டில் உங்கள் கையெழுத்து அகப்பட்டது. சுண்டுவிரல் நீளத்தில், ரத்தம் அடைத்த ஒரு சோதனைக் குழாய். மேலே படிந்த பனியைத் துடைத்தேன். "நார்மல் 7." ஏழின் நடுவே குறுக்காகச் சின்னக் கோடு. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த நீங்கள் ஒருவர்தான் எங்களில் அப்படி ஏழு போடுவீர்கள். நான் கேலி செய்தால், "அந்த வாத்தியாரு முட்டிமேல அடிச்சு சொல்லிக் குடுத்தது மேடம், சாவற வரைக்கும் போவாது" என்பீர்கள்.

பதினைந்து வருடமாவது ஆகியிருக்கும். ஹெபடைடிஸ் பி கிருமி யார் யார் கல்லீரலில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கக் கடற்கரைக் குப்பங்களில் ரத்தப் பரிசோதனை முகாம் போட்டுக்கொண்டிருந்தோம். நான் டாக்டர், ஆராய்ச்சி என்னுடையது. நீங்கள் லேப் டெக்னீஷியன், உழைப்பெல்லாம் உங்களுடையது. நீங்களும் குப்பத்துக்காரர் என்பதால்தான் அந்த ஜனங்கள் கையை நீட்டினார்கள். "வலையில முடிச்சு போடற நேரம்தான், அந்தாண்ட பாரு" என்று பேச்சுக் கொடுத்தபடியே ஊசியை உருவிவிடுவீர்கள்.

நோயுள்ள ரத்தத்தோடு ஒப்பிட நோயில்லாத ரத்தம் வேண்டும். அதற்கு வெளியே எங்கும் அலையவில்லை. ஆய்வகத்தில் வேலை செய்பவர்களே சட்டைக் கையை மடித்துவிட்டோம். முன்வருவதில் முதல் ஆள் எப்போதும் நீங்கள். "நம்ம ரத்தம் சுத்தம் மேடம், கண்ண மூடிக்கினு எழுதுங்க." கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதினேன். நார்மல் என்று நாமே பெயர் வைத்த ரத்தத்தில் கிருமி இருக்குமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கல்லீரல் நொதிகளை மட்டும் அளந்தோம்.

அந்த ஏழாம் குழாய் உங்கள் ரத்தம். அதை முகாமிலேயே எடுத்து, மற்றவர்கள் ரத்தத்தோடு ஒரே ஐஸ் பெட்டியில் கொண்டுவந்தீர்கள். அளந்தபோது மற்ற நார்மல்கள் ஒழுங்காக இருக்க, இதில் மட்டும் நொதி எகிறி நின்றது. கட்டுரை அனுப்ப நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது.

"என்னண்ணே, பெட்டிய வெயில்ல வச்சிட்டீங்களா?"

கொஞ்சம் யோசித்தீர்கள். "இருக்கும் மேடம். கூட்டம் ஜாஸ்தி. எம்மேலதான் தப்பு."

அந்த எண்ணின் மேல் கோடு கிழித்து, ஓரத்தில் "ரத்தம் கெட்டுவிட்டது" என்று எழுதினேன். அதே பெட்டியில் வந்த மற்றக் குழாய்கள் ஏன் கெடவில்லை என்று என்னை நான் கேட்கவில்லை. கட்டுரை வெளியானது. எல்லோருக்கும் நீங்கள்தான் இனிப்பு வாங்கி வந்தீர்கள்.

பல வருடம் கழித்து உங்கள் கண் மஞ்சளானபோது வயிற்றில் நீர் கோத்துவிட்டிருந்தது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் உங்களைக் கட்டிலில் பார்த்தேன். "ஊரெல்லாம் தேடனோம், கடைசில எங்கிட்டயே இருந்திருக்கு பாருங்க" என்று சிரித்தீர்கள். எப்போது வந்ததென்று யாருக்குத் தெரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீங்கள் போய் இரண்டு வருடம் அந்தச் சமாதானத்திலேயே காலம் தள்ளினேன்.

உங்கள் லாஸ்பேட்டை வீட்டுக்குப் போய் அண்ணியிடம் அனுமதி கேட்ட பிறகே குழாயைச் சோதித்தேன். கிருமி இருந்தது. மறுபடி போய்ச் சொன்னேன். கோடு கிழித்ததையும் மறைக்கவில்லை.

"அப்பவே தெரிஞ்சிருந்தா?" என்றார்.

"மாத்திரை இருந்திச்சு அண்ணி. தினம் ஒண்ணு. அநேகமா இன்னிக்கு இருந்திருப்பாரு."

"அவரா இருந்தா உங்கள ஒண்ணும் சொல்லமாட்டாரு. எனக்குத்தான் என்ன சொல்றதுன்னு தெரியல மேடம்." காபி போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை முதல் நம் ஆய்வகத்தில் ஒரு புது விதி. நார்மல் என்று ரத்தம் கொடுப்பவர் யாராக இருந்தாலும், முதலில் அவருக்குக் கிருமிச் சோதனை செய்து முடிவை அவர் கையில் கொடுக்க வேண்டும். நல்ல யோசனை என்று கூட்டத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு அங்கே உட்காரப் பிடிக்கவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று அந்தப் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். ஆய்வு நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது. அதனால் நான் கிழித்த கோட்டுக்கு அடியில் நேற்றைய தேதி போட்டு, "எண் சரி, தவறு என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

முகாமுக்கு நானும் வந்திருந்தேன் அண்ணே. மேசைக்கு அடியில், ஈரச் சாக்கைப் போர்த்தி, பெட்டியை நீங்கள் நிழலில்தான் வைத்திருந்தீர்கள். என் கண்ணால் பார்த்தேன்.