சாப்பு விழாத ஸ்டாம்பு

2 செப்டம்பர் 2025, செவ்வாய்

சாப்பாட்டு மேசையில் இன்று சோறு வைக்க இடமில்லை. முழுக்க ஸ்டாம்பு. பழைய ஸ்டாம்பு. பேத்தி ஷர்மினியின் கல்யாணப் பத்திரிகைக்கு ஒட்டுவதற்காம். நவம்பர் ஒன்பதாம் தேதி நடக்கும் கல்யாணத்துக்கு, நான் மூட்டை தூக்கிய காலத்து ஸ்டாம்பு எதற்கு என்று கேட்டேன். "வின்டேஜ் தாத்தா" என்றாள். பழசுக்கு அப்படி ஒரு பெயர் வைத்துவிட்டால் மதிப்பு ஏறிவிடும்போல. என்னை யாரும் அப்படிக் கூப்பிடக் காணோம்.

வண்ணத்துப்பூச்சி, ஆர்க்கிட் பூ, எண்ணெய்ப்பனைக் குலை. கல்யாணப் பத்திரிகையில் எண்ணெய்ப்பனைக் குலையை ஒட்டப்போகிறவர்கள் பினாங்கிலேயே எங்கள் வீட்டார்தான். உறை ஆஸ்பத்திரிச் சுவர் நிறம். உள்ளே பிள்ளையார் இல்லை, பெரியவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. ஷர்மினி, கோகிலன், ஒரு தேதி. அவ்வளவுதான். ஏதோ பல் டாக்டரிடம் நேரம் வாங்கின சீட்டு மாதிரி. மாப்பிள்ளை கோகிலன் வந்து ஸ்டாம்புகளைச் சாய்த்தும் நிமிர்த்தியும் வைத்து அரைமணி நேரம் படம் எடுத்தான். பெண்ணைக்கூட அவன் அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். என் பெயரைக் கையெழுத்துப் போடுவேன், அதைக் கண்டால் அடையாளம் தெரியும். மற்ற எழுத்தெல்லாம் எறும்பு வரிசை. இதை எழுதுவதும் போன்தான். மைக் படத்தை அமுக்கிவிட்டுப் பேசினால் எழுதிக்கொள்ளும். வீட்டில் பேசுவதுபோல் பேசினால் கண்டபடி எழுதுகிறதாம், வானொலிச் செய்தி மாதிரி பேசினால் ஒழுங்காக வருகிறதாம். அறுபது வருஷம் வானொலி கேட்டவனுக்கு இது ஒரு காரியமா?

4 செப்டம்பர்

எல்லாப் பழைய ஸ்டாம்பும் ஆகாதாம், தபாலகத்தில் முத்திரை குத்தாததாக இருக்க வேண்டுமாம். "சாப்பு விழுந்தது செல்லாது தாத்தா. சாப்பு விழாத பழசுதான் வேணும். அது கிடைக்கிறது கஷ்டம்" என்று ஷர்மினி எனக்கு விளக்குகிறாள்.

எனக்குச் சாப்பைப் பற்றி. கடலோரக் கிட்டங்கியில் முப்பத்தொரு வருஷம், எழுத்துத் தெரியாமலே, கோணியில் குத்தியிருக்கும் சாப்பை மட்டும் பார்த்து எந்தக் கப்பல், எந்த முதலாளி, அரிசியா மிளகாயா என்று சொன்னவன் நான். கணக்கெழுதும் கிராணி ஏட்டைப் புரட்டி முடிப்பதற்குள் நான் சொல்லிவிடுவேன். சாப்பு பார்க்காமல் ஒரு மூட்டையைக்கூடத் தோளில் ஏற்றியதில்லை.

7 செப்டம்பர்

பழைய ஸ்டாம்பெல்லாம் சின்ன மதிப்பு, அதனால் ஓர் உறைக்கு ஆறு. முகவரி எழுத இடமில்லை. தபால்காரன் படம் பார்த்துவிட்டுப் போகட்டும்.

10 செப்டம்பர், புதன்

இன்று உண்மையிலேயே வயிறு எரிந்தது. எல்லாப் பத்திரிகையையும் தபாலில்தான் போடப்போகிறார்களாம். சொந்தக்காரர்களுக்கும். தட்டு இல்லை, வெற்றிலை இல்லை, வீட்டுப் படி ஏறுவது இல்லை. "அதுக்குத்தானே இவ்ளோ அழகா ஸ்டாம்பு ஒட்டுறோம் தாத்தா" என்கிறாள். வீட்டுக்கு வந்து கூப்பிடாதவனுக்கு ஆறு வண்ணத்துப்பூச்சி ஒரு சாக்கு.

மகன் தங்கராஜு பெயர்ப் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் நிறுத்தி, என்னைப் பார்க்காமல், "சித்தப்பாவுக்கு?" என்றான். மருமகள் தனலெட்சுமி குழாயை மூடினாள், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்பதற்கு.

சித்தப்பா என்றால் என் ஒரே தம்பி சுகுமாரன். கடலுக்கு அந்தக் கரையில், புக்கிட் தெங்காவில் இருக்கிறான். அவனோடு பேசி முப்பத்து நான்கு வருஷம். அம்மாவின் சாவில் அவன் தலைமாட்டில் நின்றான், நான் கால்மாட்டில் நின்றேன். அப்போதும் பேசவில்லை.

மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1991, ஜூலை, ஒரு சனிக்கிழமை. அப்போது லிட்டில் இந்தியாவில், குயீன் ஸ்ட்ரீட்டில், கண்ணாடி வளையல் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். நானும் என் வீட்டுக்காரியும் டவுனுக்கு வெளியே ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு நாலு மணிக்குத் திரும்பினோம். மாடிக் கதவு இடுக்கில் ஓர் உறை செருகியிருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள். வலப்பக்கம் ஸ்டாம்பு. சுகுமாரன் மகளுக்குக் கல்யாணம் முடிவாகியிருப்பது எனக்குத் தெரியும், அவன் வீட்டுப் பத்திரிகைதான். கூடப் பிறந்த அண்ணனுக்கு, கடல் தாண்டிப் பெரி படகு ஏறி வந்து தட்டு வைத்துக் கூப்பிட வேண்டியவனுக்குத் தபால். உறையை நான் பிரிக்கவே இல்லை. பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன். கல்யாணத்துக்கும் போகவில்லை.

அன்றைக்கு நடந்தது எல்லாமே கண்ணில் நிற்கிறது. கிரில் கதவில் யாரோ ஒரு கொத்து ரம்புத்தானைச் சணல் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்து மாடி சீனக் கிழவர் கொடுத்ததாக இருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்காரி ஒன்றை உரித்து வாயில் போட்டுவிட்டு, "இது அந்தப் பக்கத்துப் பழமாட்டம் இருக்கு, பெரிய மாத்தாவில இப்படி இனிக்கும்" என்றாள். பெரிய மாத்தா என்றால் புக்கிட் மெர்த்தாஜாம், புக்கிட் தெங்காவுக்குப் பக்கத்து ஊர். பழத்தைப் பற்றிப் பேசுகிற நேரமா என்று சத்தம் போட்டேன். அவள் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது.

தங்கராஜுவிடம் சொன்னேன், "தபால்ல போடு. அவன் எனக்குச் செஞ்சத அவனுக்குச் செய்."

13 செப்டம்பர்

சுகுமாரன் உறைக்கு ஸ்டாம்பை நானே பொறுக்கினேன். எண்ணெய்ப்பனை, ஆறும். மூலைகளில் மஞ்சள் தடவத் தனலெட்சுமி விரலை நனைத்தாள். வேண்டாம் என்றேன்.

17 செப்டம்பர், புதன்

நேற்று மலேசிய தினம், தபாலகம் மூடியிருந்தது. இன்று எல்லாம் தபால் பெட்டிக்குப் போயிற்று, சுகுமாரனுடையதும். ஷர்மினி பெட்டியில் போடுவதையும் கோகிலன் படம் எடுத்தான். திருமாங்கல்யத்துக்கு இவ்வளவு படம் எடுப்பானா என்று பார்க்கலாம்.

மனசு நிறைந்தது மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அரைச்சொம்புதான்.

18 செப்டம்பர், வியாழன்

இதை எப்படிச் சொல்வது.

கோகிலனின் மாமா ஒருத்தரை விட்டுவிட்டார்களாம். ஒரு பத்திரிகை பாக்கி, ஸ்டாம்பு ஒன்று குறைகிறது. வீட்டில் யாரிடமாவது பழசு இருக்கிறதா என்று ஷர்மினி கேட்டாள். நான் பிஸ்கட் டின்னை எடுத்தேன். கொடுப்பதற்கு இல்லை. தபாலில் பத்திரிகை வைத்தால் என்ன ஆகும் என்று காட்டுவதற்கு. பார், இதுதான் உன் சின்னத் தாத்தா எனக்குச் செய்த மரியாதை என்று உறையை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவள் வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பினாள். முகம் மலர்ந்துவிட்டது. "தாத்தா, இதுல சாப்பே விழல. சுத்தமா இருக்கு. இன்னும் செல்லும்."

எனக்கு முதலில் ஏறவில்லை. சாப்பு இல்லை என்றால்? "போஸ்ட்ல போடலன்னு அர்த்தம் தாத்தா. யாரோ கையில கொண்டாந்து குடுத்துருக்காங்க."

வாங்கிப் பார்த்தேன். கண்ணாடி போட்டுப் பார்த்தேன். ஒரு கறுப்புக் கோடுகூட இல்லை. எத்தனை தடவை இந்த டின்னைத் திறந்து திறந்து இதைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். சாப்பு இல்லாத மூட்டையைத் தொடமாட்டேன் என்று ஊரெல்லாம் பெருமை பேசினவன். முப்பத்து நாலு வருஷம் சாப்பு இல்லாத ஒரு சுமையைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். முண்டம்.

இன்னொன்று. குயீன் ஸ்ட்ரீட்டில் இருந்த வருஷமெல்லாம் தபால்காரன் மாடிப்படி ஏறியதே கிடையாது. கடிதம் என்றால் கீழே அஞ்சடி நடைபாதையில் நின்றபடி வளையல் கடையில் கொடுத்துவிட்டுப் போவான். அது எனக்குத் தெரியும். எல்லாம் எனக்குத் தெரியும், எல்லாம் ஞாபகம் இருக்கிறது. கதவிடுக்கு ஞாபகம் இருக்கு, ரம்புத்தான் ஞாபகம் இருக்கு, சணல் கயிறுகூட ஞாபகம் இருக்கு. ஞாபகம் இருந்து என்ன புடுங்கினேன்?

ரம்புத்தான். எல்லாத்தையும் நாங்க தின்னோம்.

ஷர்மினி என்னிடம் கேட்டுவிட்டு உறையைப் பிரித்தாள். மஞ்சள் காகிதம், மேலே பிள்ளையார். படிப்பதற்கு வாயைத் திறந்தவள் படிக்கவில்லை. காகிதத்தை என் பக்கம் திருப்பி ஓரிடத்தில் விரல் வைத்தாள். அதைப் படிக்க எனக்கு அவள் தேவைப்படவில்லை. காத்தமுத்து. நான் கையெழுத்துப் போடுகிற அதே எழுத்து, அச்சில். அழைப்பவர் என்று மூத்தவன் பெயரைப் போட்டிருக்கிறான். என் பெயரைச் சொல்லி ஊரைக் கூப்பிட்டிருக்கிறான். எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே வார்த்தை, அதுதான் அந்த உறைக்குள் இருந்திருக்கிறது.

எண்ணெய்ப்பனை ஆறு ஒட்டியது நேற்றுப் பெட்டியில் விழுந்துவிட்டது. நாளை காலையிலேயே போக வேண்டும். தபாலுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.

19 செப்டம்பர், வெள்ளி

தனலெட்சுமி விடியும்முன்பே எழுந்துவிட்டாள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு பத்திரிகை. ஸ்டாம்பு இல்லாதது. துணிப்பையில் வைத்துக் கொடுத்தாள். தங்கராஜு காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். தம்பி அன்றைக்குப் பெரி ஏறி வந்தான், நானும் பெரி ஏறித்தான் போவேன்.

இப்போதைய பெரியில் கார் ஏறாது. மோட்டாரும் ஆட்களும்தான். சும்மா தண்ணீரில் போகிற பஸ். அந்தக் கரையில் இறங்கி இரண்டு பஸ் மாறி, புக்கிட் தெங்காவில் ஃபேக்டரிகளுக்குப் பின்னால் வீட்டைக் கண்டுபிடிக்கப் பதினொன்றரை ஆனது.

கேட் கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் நின்றான். மெலிந்துவிட்டான். அப்பாவின் காது அவனுக்குத்தான் வந்திருக்கிறது. பூட்டில் கை வைக்காமல், "கார்டு காலையில வந்திருச்சே" என்றான். முப்பத்து நான்கு வருஷத்துக்குப் பிறகு தம்பி எனக்குச் சொன்ன முதல் வார்த்தை.

வழியெல்லாம் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். பழைய உறையைக் கம்பி வழியாக நீட்டினேன். "இதுல சாப்பு இல்ல" என்றேன்.

"எப்படி இருக்கும்? நான்தானே கொண்டாந்தேன்."

"ஸ்டாம்பு ஒட்டியிருந்துச்சே."

"வீட்ல அவ எல்லாத்துக்கும் ஒட்டி வச்சிட்டா. உன்னோடத மட்டும் எடுத்துப் பையில வச்சுக்கிட்டேன், அண்ணனுக்கு நேர்ல போறேன்னு. ரெண்டு மணி நேரம் அந்தப் படியில உக்காந்திருந்தேன். அப்புறம் எனக்கு ஷிப்ட்." உறையைப் பார்த்துக்கொண்டே நின்றான். "உன் பேரப் போட்டுத்தான் கூப்பிட்டேன். எல்லாரும் வந்தாங்க."

உள்ளே போனான். அவ்வளவுதான், வரமாட்டான் என்று நினைத்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. திரும்பி வந்தவன் கையில் ஆஸ்பத்திரிச் சுவர் நிற உறை. அதை என் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"நான் ஒண்ணுதான் ஒட்டினேன். நீ ஆறு ஒட்டியிருக்கியேண்ணே."

துணிப்பையிலிருந்து தட்டை எடுத்தேன்.

பிறகு பூட்டைத் திறந்தான். கதவை முழுக்கத் திறக்கவில்லை. தட்டோடு ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு.

கூடத்தில் அவன் மகளின் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. பெரியப்பா நிற்க வேண்டிய இடத்தில் கழுத்துப்பட்டை கட்டிய எவனோ நிற்கிறான். தம்பியின் ஃபேக்டரி சூப்பர்வைசராம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறான், ஏதோ அவன் வீட்டுப் பெண் மாதிரி. நிற்கட்டும். இடம் காலியாகத்தானே இருந்தது.

தட்டை இரண்டு கையாலும் வாங்கினான். வருகிறேன் என்று சொல்லவில்லை. "பாக்கலாம்லா" என்றான்.

22 செப்டம்பர்

டின்னில் இருக்கும் ஸ்டாம்பை ஷர்மினி மறுபடி கேட்டாள். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாமாவுக்கு நேரில் போய்க் கொடுங்கள், கால் இருக்கிறதல்லவா? இரண்டு பேரும் போனார்கள். அங்கே மீன் குழம்பு போட்டார்களாம், அதையும் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

20 அக்டோபர்

தீபாவளி. போன் பலமுறை அடித்தது. சுகுமாரன் கூப்பிடவில்லை.

3 நவம்பர்

பந்தியில் எத்தனை பேர் என்று தங்கராஜு கேட்டான். சுகுமாரனைச் சேர்ப்பதா என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வரவில்லை என்றால் அது அவன் நியாயம். நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த நியாயம்.

9 நவம்பர், ஞாயிறு

கல்யாணம் முடிந்தது. மண்டபத்து வாசலில் ஸ்டாம்பு ஒட்டிய உறைகளைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டியிருந்தார்கள். வந்தவர்களெல்லாம் மணமக்களை விட்டுவிட்டு வண்ணத்துப்பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓமப்புகையில் ஐயரே இருமினார். கோகிலனின் வேட்டி இரண்டு முறை நழுவியது.

தாலி கட்டப் பத்து நிமிஷம் இருக்கும்போது தம்பி வந்தான். ஊதாச் சட்டை. கல்யாணத்துக்கு யாராவது ஊதாச் சட்டை போடுவார்களா? முன் வரிசையில் என் பக்கத்து நாற்காலியில் இருந்த என் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். படம் எடுக்கக் கூப்பிட்டபோது, நான் எழுந்ததும் அவனும் எழுந்தான்.

காலுக்கடியில் ஒரு பிளாஸ்டிக் பை வைத்திருந்தான். உள்ளே ரம்புத்தான், சணல் கயிறு கட்டி. பருவம் முடிந்த இந்த நேரத்தில் எங்கே பிடித்தானோ.

புளிப்பு. ஏழு தின்றேன்.