கட்டைக்குள் தூங்கிய எறும்புகள்

பாப்பா அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க இடுப்பு வலி தேவலையா? பாப்பா சாப்பிட அடம்பிடிக்கிறாளா?

இங்கே சனி, ஞாயிறுன்னா எனக்கு விறகு வேலை. முதலாளியம்மா வீட்டைச் சுத்தி ஒரே காடு, முழங்கால் வரைக்கும் பனி. உறைஞ்ச கட்டை இரும்பா இருக்கும்னு மூச்சைப் பிடிச்சுக் கோடாலியை ஓங்கினேன். ஒரே போடு, பூ மாதிரி ரெண்டா விரிஞ்சுடுச்சுங்க! உள்ளே ஒரு பொந்து நிறையக் கட்டெறும்பு, விறைச்சுக் கிடந்துச்சு. செத்துப் போச்சுங்கன்னு நினைச்சு, கட்டையை அடுப்புப் பக்கத்துல காய வச்சேன்.

கூட்டிப் பெருக்கிட்டு வந்து பார்த்தா, ஒரு எறும்பு மீசையை ஆட்டுது. அப்புறம் இன்னொண்ணு. கொஞ்ச நேரத்துல பொந்தே எழுந்து நடக்குது! துடைப்பமும் கையுமா அப்படியே நின்னுட்டேன்.

முதலாளியம்மாதான் பதறினாங்க. "ஐயோ, சீக்கிரம் வெளியே கொண்டுபோய் வை. பனி போற வரைக்கும் அதுங்களுக்குத் தீனி கிடையாது. இப்ப முழிச்சா பட்டினியிலேயே செத்துடும்."

கட்டையைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திட்டுப் போய் விறகுக் குவியல் அடியில வச்சேன். ஒவ்வொண்ணா அடங்கினதை, கை மரத்துப்போற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில் அனுப்புங்க. கை லேசா வெடிச்சிருக்கு, வேற ஒண்ணுமில்லை. அடுப்பு அணையப் போகுது, முடிச்சுக்கிறேன்.

பாப்பா பாடுறதைப் பதிவு பண்ணி அனுப்புறேன்னு எழுதியிருந்தீங்களே, அதை மட்டும் இப்ப அனுப்பாதீங்க. பனி உருகட்டும்.

பாப்பா அம்மா