வேலு போட்ட எட்டு புஷ்கள்

1963 மார்ச் 4, திங்கள்
காலை முழுக்கத் தூறல். என் டாக்ஸியின் முன் சக்கரங்களைக் கழற்றினேன். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளில் ரப்பர் புஷ், பக்கத்துக்கு நான்காக எட்டு. ஜனவரியில் எல்லாம் புதிதாக மாற்றியதாகச் சொன்னான் வேலு. என் மனைவி லெட்சுமியின் தம்பி, ரோஸ் பெல்லில் கராஜ். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். கறுப்புப் பெயின்ட் உரிந்தது. உள்ளே வெடித்த பழைய ரப்பர், ஊறிய பிஸ்கோத்து மாதிரி உதிர்கிறது.

போன மாதம் சுரினாம் கிராமத்து வளைவில் ஸ்டியரிங் கையை மீறி இழுத்தது இதனால்தான். வண்டி கால்வாயில் இறங்கியது, லெட்சுமியின் மணிக்கட்டு முறிந்தது, எல்லாம் இதனால்.

வேலு கோவிலில் சொன்னது வேறு. "அத்தான் விரதத்துல ரம் குடிச்சிட்டு ஓட்டினாரு." தைப்பூசத்துக்கு என்னைக் காவடி எடுக்க விடவில்லை. பதினெட்டு வருடம் எடுத்தவன்.

தமிழில் எழுதுகிறேன். இந்தத் தீவில் பள்ளிக்கூடம் பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும்தான்; வீட்டில் வேறு யாருக்கும் தமிழ் படிக்க வராது.

மார்ச் 6, புதன்
மழை. போர்ட் லூயி கடையில் புது புஷ் கேட்டேன். "லண்டன்லருந்து கப்பல்ல வரணும். நாலு மாசம் ஆகும்." அதுவரை வண்டி கட்டை மேல் நிற்க, வேலு சிரிப்பானாம். நானே செய்வேன்.
வேண்டியவை: தேய்ந்த லாரி டயர் (கிடைத்தது). இரும்புக் குழாய். அரம். சோப்பு. லெட்சுமி கைக்குத் தைலம்.

மார்ச் 9, சனி
குழாய் முனையைத் தீட்டி, டயரின் பக்கச் சுவரில் வைத்துச் சம்மட்டியால் அடித்து வட்டம் வட்டமாக எடுத்தேன். ஒவ்வொரு அடியும் வேலுவின் மண்டையில். வேலை வேகமாக நடந்தது.

முதல் நான்கு வீண், நடு ஓட்டை கோணல். சோப்புத் தண்ணீர் தடவினால் நேராக இறங்குகிறது. கிரீஸ் கூடாது, ரப்பரைத் தின்றுவிடும். வட்டங்களைச் சின்னக் குழலில் கோத்து, வைஸ் இடுக்கியில் வைத்து நெருக்கி, இரும்புக் கையின் துளைக்குள் தள்ளினேன்.

கட்டுப் போட்ட கையோடு லெட்சுமி வந்து நின்றாள். "என் தம்பிய என்ன செய்யப் போறீங்க?"
"புஷ் செய்றேன்."

மார்ச் 12, செவ்வாய்
வெயில். வண்டியை இறக்கி, பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் நட்டுக்குக் கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் திருகிக் கிழியும். செமின் கிரனியேயிலிருந்து சுரினாம் வரை ஓட்டினேன். ஒரு சத்தமில்லை. அந்த வளைவிலும் சொன்னபடி கேட்டது.
சந்தோஷம் வரவில்லை. வேலுவின் முகம்தான் வந்தது.

மார்ச் 14, வியாழன்
கோவில் தலைவர் வீடு. அவர் காரையும் வேலுதான் பார்க்கிறான். பழைய புஷ்களைத் துணியிலிருந்து அவிழ்த்துக் காட்டினேன்.
"குடிச்சவன் பேச்சு," என்றார்.
அவர் காருக்கு அடியில் படுத்துச் சுரண்டினேன். எழுந்து கறுப்பு நகத்தைக் காட்டினேன்.
என் விரலைப் பிடித்து நகத்தைத் தடவிப் பார்த்தார். "என் மக இதுலதான் பிரசவத்துக்குப் போனா." பிறகு, "ஞாயித்துக்கிழமை பூஜை முடியட்டும். எல்லார் முன்னாலயும் அவனே கழட்டணும்."
இன்றைக்கு நன்றாகப் பசித்தது.

மார்ச் 17, ஞாயிறு
கோவில் வாசலில் தலைவரின் கார், ஜாக்கி மேல். சுற்றிலும் கூட்டம். வேலு பூஜைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு மண்ணில் படுத்தான். நான் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒவ்வொண்ணா எடு. எடுக்கும்போது சொல்லு."
"என்ன சொல்றது அத்தான்?"
"பழசுக்குப் பெயின்ட் அடிச்சேன். அத்தான் குடிக்கல."

சொன்னான். முதல் மூன்றும் முணுமுணுப்பு. தலைவர், "சத்தமா!" என்றார். என் பக்கம் திரும்பி, "அடுத்த பூசத்துக்கு உன் காவடி உண்டு." வெயில் ஏறியது. ஐந்தாவதில் வேலு அழுதான். அவன் மனைவி முகத்தை மூடிக்கொண்டு கூட்டத்தை விட்டுப் போனாள். ஆறாவது புஷ் என் காலடியில் விழுந்தபோது லெட்சுமி நல்ல கையால் என் தோளைப் பிடித்தாள்.
"அசே! போதுங்க. என் தம்பி."
தலைவரே வேறு பக்கம் பார்த்தார்.
"இன்னும் ரெண்டு இருக்கு," என்றேன்.