மொரிட்டாவின் குசினியில் காய்ச்சிய பால்

03.03.2024, ஞாயிறு
ஹோம்புஷ் மண்டபத்தில் வீட்டுத் தரகன் செந்தில்நாதன் கூட்டம் வைத்தான். யப்பானில் பழைய மாடிவீடு வாங்கி வாடகைக்கு விடுகிற விஷயம். மகன் விக்னராஜா என்னையும் கூட்டிப்போனான். மெரிலேண்ட்ஸ் வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. ஈடு வைக்க என் கையெழுத்து வேண்டும்.

திரையில் ஒசாக்கா வீடு. நாற்பத்தாறு வருடக் கட்டடம். மொரிட்டா என்று ஒருவர் தனியே குடியிருக்கிறாராம். செந்தில்நாதன் சிரித்துக்கொண்டு சொன்னான்: "ஆளுக்கு வயசு எண்பத்தொண்டு. கன காலம் இராது. பிறகு திருத்திப்போட்டு ரெண்டு மடங்குக்கு விடலாம்."

சனம் தலையாட்டியது. விக்னா அதையும் எழுதிக்கொண்டான்.

எனக்கும் எண்பத்தொன்று. வடையைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன்.

05.03
அருவருப்பு. வேறு சொல் தெரியவில்லை.

74ஆம் ஆண்டு, கொட்டாஞ்சேனையில் வாடகை வீடு. வீட்டுக்காரன் மாதாமாதம் வந்து, பாயில் கிடந்த அம்மாவை எட்டிப் பார்ப்பான். "இன்னும் இருக்கிறாவோ?" அவன் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை.

விக்னாவிடம் சொன்னேன். "நாங்களோ அப்பா அவரைச் சாகச் சொன்னது? இது இன்வெஸ்ட்மென்ற்" என்றான்.

11.03
கையெழுத்து வைத்தேன். மூன்றாம் வகுப்புக் கையெழுத்து, கோணல்மாணலாக.

வைக்கமாட்டேன் என்றதற்கு மருமகள் யோகா ஐந்து நாள் முகம் கொடுக்கவில்லை. தேத்தண்ணியை டக்கென்று வைத்துவிட்டுப் போனாள். அவ்வளவுக்கே விழுந்துவிட்டேன். தூ.

19.05
மகனும் யோகாவும் ஒசாக்கா போய்ப் பால் காய்ச்சினார்கள். ஆள் குடியிருக்கிற வீட்டில்! அந்த மனிதனுடைய அடுப்பில், இங்கிருந்து கொண்டுபோன பானையில். போனில் காட்டினார்கள். மொரிட்டா கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பால் பொங்கியபோது கைதட்டினார். தனக்குத்தான் ஏதோ நல்லது செய்கிறார்கள் என்று நினைத்தாரோ?

யோகா முதல் கோப்பையை அவருக்கே கொடுத்தாள். இரண்டு கையாலும் வாங்கி, போனுக்குள் என்னைப் பார்த்துக் குனிந்தார். நானும் குனிந்தேன். வேறென்ன செய்ய?

22.02.2025
மொரிட்டா போய்விட்டார். ஒன்பது நாள் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த மாத வாடகை மட்டும் பாங்கில் தன்பாட்டில் விழுந்துவிட்டதாம்.

01.03
ஆள் அப்படிச் செத்துக் கிடந்த வீடென்றால் குடிவருகிறவரிடம் சொல்லித்தான் ஆகவேண்டுமாம். கேட்டவர்கள் திரும்பிப் போகிறார்கள். செந்தில்நாதன் போன் எடுப்பதில்லை.

விக்னா குசினியில் நின்று கத்தினான்: "ஒருத்தரும் ஒருக்காப் போய்க் கதவைத் தட்டேல்லையே!"

யாரைக் கேட்கிறான்?

14.03
வேலைக்குப் போக முன், பின்வளவில் இருக்கிற என் அறைக்கதவை இப்போது தினமும் தட்டுகிறான். பன்னிரண்டு வருடம் தட்டாதவன். "அப்பா, எழும்பிட்டீங்களோ?"

எதற்குத் தட்டுகிறான்? எனக்காகவா, வீட்டுக்காகவா?

இன்று உடனே பதில் சொல்லவில்லை. இரண்டாம் தரம் தட்டினான். மூன்றாம் தரம் குரல் நடுங்கியது.

"ஓம், இருக்கிறன்" என்றேன்.