கேட்காமல் விட்டது

ஜூன் 4

அன்புள்ள சுண்டு அம்மாவுக்கு,

'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதத்தான் கை போனது. அந்த ஆவல்தானே நம்மை ஆளுக்கொரு ஊரில் உட்கார வைத்தது! அடித்துவிட்டேன்.

டாக்டரம்மாவிடம் போய்க்கொண்டிருக்கிறேன். மாத்திரை கொஞ்சம், பேச்சு அதிகம். ஒரு தாளை நடுவில் மடிக்கச் சொல்கிறார். மனசு என்ன சொல்கிறதோ அதை இடப்பக்கம் எழுத வேண்டும். அதற்கு ஆதாரம் என்ன, எதிராக என்ன இருக்கிறது என்பதை வலப்பக்கம். நேற்று இடப்பக்கம், 'உங்கள் ஊரில் கலவரம், சுண்டு பள்ளியிலிருந்து திரும்பவில்லை' என்று எழுதினேன். வலப்பக்கம், 'இன்று ஞாயிறு' என்று எழுதினேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கவலைப்பட மாலையில் அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். மற்ற நேரத்தில் கவலை வந்தால், "சாயங்காலம் வா" என்று சொல்லி அனுப்ப வேண்டுமாம். சொன்ன நேரத்துக்கு அது வருவதில்லை, நம்ம கேஸ் சிலிண்டர்காரர் மாதிரி.

சந்தேகம் வந்தால் ஒரே ஒரு தடவை கேட்கலாம். கிடைத்த பதிலோடு இருக்கப் பழக வேண்டும். திரும்பத் திரும்பக் கேட்பதுதான் வியாதிக்குத் தீனி என்கிறார். அதனால் ஒரே தடவை கேட்கிறேன். இருவரும் சௌக்கியமா?

உன்,
சுண்டு அப்பா


ஜூன் 13

அன்புள்ள சுண்டு அப்பாவுக்கு,

சௌக்கியம். ஒரு தடவைதான் சொல்வேன்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பழைய ஆள் எங்கே போனார் என்று தேடினேன். வேலை நேரத்தில் போன் மேல் போன் போட்டு, எடுக்காவிட்டால் ரொட்டிக் கம்பெனி வாசலுக்கே வந்து, வாட்ச்மேனிடம், "அவ மூச்சு விடுறாளான்னு மட்டும் பாத்துட்டு வாங்க" என்று கெஞ்சிய மனிதரா இவர்? அன்று பேக்கிங் செக்‌ஷன் மொத்தமும் என் முகத்தைப் பார்த்தது. அதற்காகத்தான் மாற்றல் கேட்டு இங்கே வந்தேன். போன் வேண்டாம், கடிதம் போதும் என்று சொன்னதும் அதற்காகத்தான். வெறுத்து வரவில்லை.

இங்கே நிலைமை சரியில்லைதான். மறைத்து என்ன ஆகப்போகிறது? இரண்டு நாள் ஊரடங்கு, ஒரு நாள் தளர்வு. ரொட்டி எல்லோருக்கும் வேண்டும் என்பதால் எங்களுக்கு மட்டும் பாஸ் கொடுத்து, கம்பெனி வேனில் அழைத்துப் போகிறார்கள். ஜன்னலில் கம்பி வலை அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். இன்னும் அடிக்கவில்லை.

சுண்டு உங்களைப் போலவே நகம் கடிக்கிறாள். அதற்கும் டாக்டரம்மாவிடம் ஒரு வழி கேட்டு வையுங்கள்.

நீங்கள் இப்படியே தேறி வந்தால், சுண்டுவின் காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் மூட்டையைக் கட்டிவிடலாம் என்று தோன்றுகிறது. கண் வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
சுண்டு அம்மா


ஜூலை 2

அன்புள்ள சுண்டு அம்மாவுக்கு,

மூட்டை கட்டும் வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். சொன்னால் வியாதி திரும்பிவிட்டது என்பாய்.

மறுபடி லிஃப்ட் வேலைக்குப் போகிறேன். முதலில் கீழே நின்று சாமான் எடுத்துக் கொடுத்தேன். பிறகு முதல் மாடி. நேற்று உச்சி மோட்டார் அறைக்கே ஏறிவிட்டேன். கீழே எட்டிப் பார்த்ததும் நெஞ்சு படபடவென்று அடித்தது. ஓடாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அதுவே களைத்து அடங்கிவிட்டது. மேஸ்திரி கீழிருந்து, "என்னப்பா, அங்கயே குடி போயிட்டியா?" என்று கத்தினார்.

டிவியின் வயரைப் பிடுங்கிவிட்டேன். உங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியாது. தெரியாமலும் இருக்க முடிகிறது! கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இது முடிந்ததில்லை.

இந்தத் தடவை அந்த ஒரு கேள்வியையும் கேட்கப் போவதில்லை. பார்.

உன்,
சுண்டு அப்பா


ஜூலை 20

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அம்மாவுக்குக் கொஞ்சம் வேலை அதிகம். நீங்கள் மோட்டார் அறைக்கு ஏறியதைக் கேட்டு அம்மாவுக்குச் சந்தோஷம். கம்பெனிக்குச் சில நாள் விடுமுறை. பக்கத்து வீட்டு டீச்சர் எங்களுக்கும் சேர்த்துச் சமைக்கிறார். நாங்கள் நன்றாக இருக்கிறோம். மாத்திரையை விடாதீர்கள் என்று அம்மா சொல்கிறார்.

நான் நகம் கடிப்பதை இன்னும் விடவில்லை.

அன்பு மகள்,
சுண்டு


ஜூலை 29

அன்புள்ள சுண்டு அம்மாவுக்கு,

நேற்று எனக்கு ஒரு பரீட்சை வந்தது. பாஸ் பண்ணிவிட்டேன்.

கவரைப் பிரித்ததும் சுண்டுவின் கையெழுத்து. முன்பென்றால் செருப்பைக்கூட மாட்டாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருப்பேன். ஓடவில்லை. தாளை மடித்தேன். இடப்பக்கம், 'அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது, எழுத முடியாமல் கிடக்கிறாள்' என்று எழுதினேன். வலப்பக்கம், 'வேலை அதிகம் என்று அவளே சொல்கிறாள். பிள்ளைக்கு எழுதிப் பழக்குகிறாள். நன்றாக இருக்கிறோம் என்று தெளிவாக இருக்கிறது' என்று எழுதினேன். வேலை அதிகமென்றால் விடுமுறை எதற்கு என்று மனசு குடைந்தது. அதையும் இடப்பக்கத்தில் போட்டு மூடினேன்.

அப்புறம் சமைத்துச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த தடவை டாக்டரம்மாவிடம் பெருமையாகக் காட்டப் போகிறேன். நீயும் இருந்து பார்த்திருக்க வேண்டும். பரீட்சை முடிய அதிக நாள் இல்லை. சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

உன்,
சுண்டு அப்பா


ஆகஸ்ட் 17

சுண்டு அப்பாவுக்கு,

வரிகள் கோணலாகத்தான் இருக்கும். ஒரு கண்ணால் எழுதுகிறேன்.

ஜூலை நடுவில் எங்கள் வேனைக் கல்லால் அடித்தார்கள். ஜன்னல் கண்ணாடி என் இடது கண்ணுக்குள் போய்விட்டது. ஆபரேஷன் செய்தார்கள். பார்வை திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள்.

உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று சொன்னது நான்தான். இப்போதுதான் எழுந்து நிற்கிறார், இதைக் கேட்டால் விழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அதனால் சுண்டுவை எழுத வைத்தேன். தபாலில் போட்டுவிட்டு வந்து அவள், "அப்பா கண்டுபிடிச்சிடுவாரும்மா. என் கையெழுத்தப் பாத்ததுமே ஓடி வந்துடுவாரு" என்றாள். "வரக்கூடாதுடி, ஊரடங்கு" என்று அதட்டினேன். ஆனால் வாசலில் சத்தம் கேட்டபோதெல்லாம் நீங்கள்தானோ என்று கட்டுப் போட்ட முகத்தை வாசல் பக்கம் திருப்பினேன்.

வந்தது உங்கள் கடிதம். சுண்டுதான் வாசித்தாள். 'தாளை மடித்தேன்' என்ற இடத்தில் நகத்தைக் கடித்தாள். 'நன்றாகத் தூங்கினேன்' வரை படித்துவிட்டு, "அப்பாவுக்குச் சரியாயிடுச்சும்மா" என்றாள். அப்படி ஒரு அழுகை அவள் அழுது நான் பார்த்ததில்லை.

டாக்டரம்மாவைக் குறை சொல்லமாட்டேன். ஒரு தடவை கேட்கலாம் என்றுதானே அவர் சொன்னார்? அந்த ஒரு தடவையையும் விட்டது நீங்கள். எனக்குக் கோபம்கூடப் பெரிதாக இல்லை. படுக்கையில் கிடந்து யோசித்தபோது வேறொன்று புரிந்தது. கண்ணில் ரத்தம் வழிய ஆஸ்பத்திரிக்குப் போன அன்றும், இதை உங்களுக்கு எப்படித் தெரியாமல் பார்த்துக்கொள்வது என்றுதான் யோசித்திருக்கிறேன். இத்தனை வருஷமாக எனக்கு அது ஒன்றுதான் வேலை. இனிமேல் என்னால் ஆகாது.

பரீட்சை முடிந்தாலும் நாங்கள் வரவில்லை. வெள்ளையடிக்கும் ஆளிடம் சொல்லிவிடுங்கள். நீங்களும் இங்கே வர வேண்டாம். கதவைத் திறக்கமாட்டேன்.

சிகிச்சையை நிறுத்தாதீர்கள். நிஜமாகவே சொல்கிறேன். சுண்டுவுக்கு அப்பா வேண்டும். அவள் உங்களுக்குத் தனியாக எழுதுவாள். அவளைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். அப்பாவிடம் பொய் எழுதாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பற்றிக் கேட்டால் மட்டும் பதில் எழுத வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

சுண்டு அம்மா